மல்லி முளைக்கவில்லை, புதினா அழுகிவிட்டது: தொட்டிச் செடி கேள்வி-பதில்

கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை மாதிரி அன்றாடம் சமையலுக்கு வேண்டிய வாசத் தழைகளை வீட்டில் வளர்ப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி "வைத்தேன், செத்துவிட்டது" என்றுதான் தொடங்குகின்றன. படிக்கவே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இவை எல்லாம் சுலபமாகப் பிழைக்கிற செடிகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றாமல் செடியை இழந்தவர்கள் ரொம்பக் குறைவு, ஊற்றி ஊற்றி இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் கீழே பல பதில்களில் "மண்ணைத் தொட்டுப் பாருங்கள்" என்று திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மளிகைக்கடை மல்லியை மூன்று தடவை தூவினேன். ஒரு தடவை நாலே நாலு முளைத்தது. மற்ற இரண்டு தடவையும் ஒன்றுமே இல்லை. விதை சரியில்லையா, எனக்குக் கைராசி இல்லையா?
— ஒரு வாசகி, சேலம்

ப: கைராசி என்ற பேச்சையே முதலில் விட்டுவிடுங்கள், அம்மா. மல்லி முளைக்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான். விதையை உடைக்காதது, ரொம்ப ஆழமாகப் புதைத்தது, காத்திருக்காதது.

நாம் ஒரு விதை என்று நினைக்கிற உருண்டை மல்லிக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. மேல் ஓடு கெட்டியாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போக நாளாகும். அதனால் ஒரு துணியில் பரப்பி, மேலே பூரிக்கட்டையை லேசாக உருட்டுங்கள். இரண்டாகப் பிளந்தால் போதும், பொடியாகிவிட்டால் அது சாம்பாருக்குத்தான். பிளந்ததை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் வடித்து, ஈரம் போக நிழலில் கொஞ்ச நேரம் உலர்த்தித் தூவுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். தண்ணீரை மக்கால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும், கையால் தெளியுங்கள், அல்லது பாட்டில் மூடியில் துளை போட்டுத் தெளியுங்கள். முளை தெரிகிற வரை நனைத்த சாக்கு ஒன்றை மேலே போட்டு வைத்தால் ஈரமும் நிற்கும், அணிலும் கிளறாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், மறந்தால் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

அப்புறம் காத்திருப்பது. மல்லி 8 நாளிலும் வரும், 15 நாளும் எடுக்கும். பத்தாவது நாள் "இது தேறாது" என்று மண்ணைக் கிளறிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர், உள்ளே வெள்ளையாக முளை விட்டிருந்ததைப் பார்த்து வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள்.

மளிகைக்கடை மல்லி முளைக்குமா என்றால், புதுசாக இருந்தால் நன்றாகவே முளைக்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த மல்லி தை, மாசியில் அறுவடைக்கு வரும், அதையொட்டி வாங்கியது நல்லது. கசக்கினால் வாசம் வர வேண்டும். டப்பாவில் இரண்டு வருடமாகக் கிடந்ததை விதைக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எந்த மாதம் விதைத்தீர்கள் என்று எழுதவில்லை. சேலம் வெயிலில் சித்திரை, வைகாசியில் மல்லி முளைத்தாலும் நிற்காது. நின்றாலும் இலை விடுவதற்கு முன்னால் அவசரமாகத் தண்டு நீண்டு பூத்துவிடும். சூடு கண்டால் சீக்கிரம் விதை கட்டி முடித்துக்கொள்வது அந்தச் செடியின் குணம். புரட்டாசியிலிருந்து தை வரை விதைத்துப் பாருங்கள், அடைமழை நாட்களில் மட்டும் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். கோடையிலும் வேண்டும் என்றால் பாதி வெயிலை மறைக்கிற பச்சை நிழல்வலைக்குக் கீழே முயலலாம். இல்லாவிட்டால் கேரளத்தில் ஆப்பிரிக்கன் மல்லி என்கிறார்களே, ஓரம் முள்முள்ளாக நீள இலை, அதை வாங்கி வையுங்கள். மல்லி வாசம் அப்படியே இருக்கும், நிழலும் ஈரமும் இருந்தால் வெக்கையிலும் நிற்கும்.

நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டியில் நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் வாடிவிடும். 35, 40 நாளில் கத்தரியால் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் இன்னொரு தடவை துளிர்க்கும். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் தூவாமல் 15 நாளுக்கு ஒரு தொட்டி என்று தூவுங்கள், அப்போதுதான் ரசத்துக்குத் தினமும் கிடைக்கும். பூத்துவிட்டதையும் பிடுங்க வேண்டாம். தேனீ வரும், பிறகு பச்சைக் காய் பிடிக்கும். அந்தப் பச்சை மல்லிக்காயை நாலு பச்சைமிளகாயோடு வைத்து அரைத்த துவையலை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள், கடையில் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது.

கே: புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுக் காம்பை ஊன்றினேன். பத்து நாள் பச்சையாக இருந்தது, அப்புறம் அடி கறுத்து அழுகிவிட்டது. தினமும் இரண்டு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே?
— ஒரு வாசகர், சென்னை

ப: அந்த இரண்டு வேளைதான் காரணம், ஐயா. வேரே இல்லாத காம்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? மீதி மண்ணில் தேங்கி, காற்று போக வழியில்லாமல் காம்பு அழுகுகிறது. தொட்டியின் அடியில் தட்டு வைத்து, அதில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். கட்டு வாங்கும்போது தண்டு கொஞ்சம் தடித்து, பழுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கிறதைத் தேர்ந்தெடுங்கள். இளம் நுனிக்கு வாடத்தான் தெரியும். ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, உச்சியில் நாலைந்து இலை மட்டும் விடுங்கள். நீங்கள் எல்லா இலையையும் ஆய்ந்துவிட்டீர்கள், பாவம், அது எதை வைத்துப் பிழைக்கும்? அதை ஒரு தம்ளர் தண்ணீரில், இரண்டு கணு மூழ்குகிற மாதிரி, வெளிச்சம் இருக்கிற ஆனால் வெயில் படாத ஜன்னலில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். வேர் ஒரு விரற்கடை நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றி, முதல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

புதினா ஆழம் கேட்காது, அகலம் கேட்கும். மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடுகிற தெர்மாகோல் பெட்டியை நன்றாகக் கழுவி, அடியில் பத்துத் துளை போட்டால் அதைவிட நல்ல வீடு அதற்குக் கிடையாது. கொடி மாதிரி மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும். அதனால் வேறு எதனோடும் சேர்த்து வைக்காதீர்கள். நான் முதல் வருடம் ஒரே பெட்டியில் மல்லியும் புதினாவும் வைத்தேன், இரண்டு மாதத்தில் மல்லி இருந்த இடமே தெரியவில்லை.

பறிக்கும்போது இலை இலையாகப் பறிக்காமல் தண்டோடு, கணுவுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும். ஆறேழு மாதத்தில் நடுவில் மொட்டையாகி, தண்டு குச்சி மாதிரி ஆகிவிடும். அது நோயில்லை, வேர் அடைத்துக்கொண்டது. மொத்தமாகப் பெயர்த்து, நல்ல துண்டுகளாகப் பிரித்து, புது மண்ணில் திரும்ப நட்டுவிடுங்கள்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். கோடையில் அது தினமும் ஒரு வேளையாக இருக்கலாம், மழைக்காலத்தில் நாலு நாளைக்கு ஒரு தடவையாகவும் இருக்கலாம். மண்தான் சொல்லும், கடிகாரம் சொல்லாது.

கே: கறிவேப்பிலைக் கன்று இரண்டு வருடமாக ஒன்றரை அடியிலேயே நிற்கிறது. புளித்த மோர் தவறாமல் ஊற்றுகிறேன். இப்போது பச்சைப் புழு வேறு வந்து கொழுந்தை எல்லாம் தின்கிறது. மருந்து அடிக்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

ப: புழுவை முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும், பெரிதானதும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும். அப்படி இருந்தால் அது பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று நம் ஊரிலேயே பேர் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள், அதனால்தான் இந்தப் புழுக்கள் இவற்றைத் தேடி வருகின்றன. பெரிய மரமாக இருந்தால் நாலு இலை போனால் போகிறது என்று விடலாம். உங்கள் கன்று சின்னது, தாங்காது, எனவே புழுவை இலையோடு கிள்ளி, பக்கத்தில் பெரிய எலுமிச்சையோ கறிவேப்பிலை மரமோ இருந்தால் அதில் விட்டுவிடுங்கள். கொழுந்து வரும் நாட்களில் காலையில் இலையின் இரண்டு பக்கமும் பார்த்து, கடுகைவிடச் சின்ன முட்டை தனியாக ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டால் புழுவே வராது.

இனி வளர்ச்சி. மோர் ஊற்றுவதில் தப்பில்லை, நம் பாட்டி காலத்துப் பழக்கம், ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒன்றிரண்டு தடவை ஊற்றலாம். ஆனால் சின்னத் தொட்டியில் வேர் சுருண்டு கிடக்கிற செடிக்கு எத்தனை மோர் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை. கறிவேப்பிலை மரச்செடி. குறைந்தது 15 அங்குலம் அகலமும் அதே ஆழமும் வேண்டும், நாளில் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நர்சரிக் கன்றுகள் சிலசமயம் களிமண் உருண்டையோடு வரும், அந்த உருண்டை இறுகிப்போனால் வேர் அதைத் தாண்டாது. மாற்றும்போது அடியையும் ஓரத்தையும் விரலால் லேசாகத் தளர்த்திவிடுங்கள். உருண்டையை முழுசாக உடைத்து வேரை உதறிவிடாதீர்கள்.

இன்னும் முக்கியமானது பறிக்கிற விதம். அவசரத்துக்கு உச்சிக் கொழுந்தை விட்டுவிட்டு, கீழே இருக்கிற ஈர்க்கிலிருந்து இலையை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறோம், வெறும் ஈர்க்கு செடியிலேயே நிற்கிறது. அப்படிச் செய்தால் செடி ஒற்றைக் குச்சியாக மேலே மட்டும் போகும். ஈர்க்கோடு ஒடியுங்கள். மூன்று அடி தாண்டியதும் உச்சியை மனசைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டிவிடுங்கள், பக்கத்தில் ஐந்தாறு கிளை வரும். உங்கள் கன்றை இப்போது வெட்ட வேண்டாம், பெரிய தொட்டிக்கு மாற்றி, மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, ஆறு மாதம் பறிக்காமல் விடுங்கள். அந்த ஆறு மாதத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பூவும் காயும் வந்தால் கிள்ளிவிடுங்கள், சத்து இலைக்குப் போகட்டும். மார்கழியில் இலை பழுத்து உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் அது தூங்கும், மாசியில் எழுந்துவிடும்.

கே: எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பது வடக்குப் பார்த்த ஒரே பால்கனி. எதுவும் வளராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகி, சென்னை

ப: உண்மையில்லை. "வடக்குப் பால்கனியில் வெயிலே வராது" என்பது நம் ஊருக்குப் பொருந்தாத பேச்சு. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மத்தியானச் சூரியனே நம் தலைக்கு வடக்கே போகிறது. காலையிலும் சாயங்காலத்திலும் இன்னும் வடக்கே சாய்ந்து வரும். மேலே கூரையும் எதிரே கட்டடமும் மறைக்காவிட்டால் அந்த மாதங்களில் உங்கள் பால்கனியில் காலையும் மாலையும் நல்ல வெயில் விழும், போன வைகாசியில் தரை சுட்டதா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி முதல் மாசி வரைதான் நேரடி வெயில் இருக்காது, வெளிச்சம் மட்டும் இருக்கும்.

அதனால் வருடம் முழுக்க நிற்க வேண்டியதற்குப் புதினா, ஓமவல்லி, வல்லாரை, மேலே சொன்ன ஆப்பிரிக்கன் மல்லி. இவை வெளிச்சம் நன்றாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும். கறிவேப்பிலையை அங்கே வைத்து அதையும் உங்களையும் கஷ்டப்படுத்த வேண்டாம், மொட்டை மாடிக்கு அனுமதி கிடைத்தால் அங்கே வையுங்கள். நிழலில் இருக்கிற தொட்டி சீக்கிரம் காயாது என்பதை மட்டும் மறக்காதீர்கள், வெயில் தொட்டிக்கு ஊற்றுகிற அளவில் பாதி போதும்.

கே: மண் கலவை எப்படி? மாடி பாரம் தாங்குமா என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.
— ஒரு வாசகர், திருச்சி

ப: வீட்டுக்காரர் பயப்படுவது நியாயம்தான். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ வரும். முழுக்கச் செம்மண் நிரப்பிய இருபது தொட்டியை மாடி நடுவில் வைத்தால் பாரம்தான். ஆனால் தொட்டிச் செடிக்கு வெறும் மண் நல்லதே இல்லை, இறுகிக் கல்லாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுஉரமோ ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. எடையும் குறையும், வேரும் சுலபமாக ஓடும். நார்க்கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணத்தை நேராகப் போடாதீர்கள், சூட்டில் வேர் வெந்துவிடும்.

பைகளைச் சுவர் ஓரமாக, கீழே பீம் போகிற இடமாகப் பார்த்து, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்காமல் ஓடினால் ஓதம் வராது, வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுத்து வருகிறது. வளர்ப்புப் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது இருப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கே: போர் தண்ணீர் உப்பு. செடி எல்லாம் நுனி கருகுகிறது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீர் வீணாகிறதே, அதை ஊற்றலாமா?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

ப: வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது, உங்கள் போர் தண்ணீரைவிட அது மோசம். அதைத் தரை கழுவ, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஓரத்திலும் மண் மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மேல் மண்ணை ஒரு விரல் அளவு சுரண்டி எடுத்துவிட்டு, மழைத் தண்ணீர் கிடைக்கும்போது அடித் துளை வழியாக நன்றாக ஓடும் வரை ஊற்றி அலசிவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு டிரம் மூடி போட்டுப் பிடித்து வைத்தாலே பத்துத் தொட்டிக்குப் பல நாள் வரும். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர் நல்லது. ஆனால் கீரையையும் காயையும் உப்பு, மஞ்சள் போட்டு ஊறவைத்து அலசுகிறோமே, அந்தத் தண்ணீரை மறந்தும் ஊற்றாதீர்கள்.

கே: ஓமவல்லி வளர்ப்பது எப்படி?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: ஒரு கிளையை ஒடித்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, ஊன்றுங்கள். அவ்வளவுதான். கற்பூரவல்லி என்று பலர் சொல்வதும் இதைத்தான். இலையே தண்ணீர் சேமித்து வைக்கிற செடி, மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். முதன்முதலாக ஒரு செடி வைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். பஜ்ஜி போடலாம், தயிர்ப் பச்சடி செய்யலாம், சளி பிடித்தால் ரசத்தில் நாலு இலை கிள்ளிப் போடலாம்.

கே: பாஸ்தாவுக்கு பேசில் இலை வேண்டும் என்று மகள் கேட்கிறாள். விதை ஆன்லைனில் விலை அதிகம். ஊட்டியில் வாங்கி வந்த ரோஸ்மேரி ஒரு மாதத்தில் காய்ந்துவிட்டது, அது ஏன்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: பேசில் உங்கள் வீட்டு டப்பாவிலேயே இருக்கலாம். சர்பத்திலும் பலூடாவிலும் போடுகிறோமே சப்ஜா விதை, அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. பேசிலும் அதுவும் ஒரே இனம், ரகம்தான் வேறு. இத்தாலிய ரகத்தின் இலை பெரிதாக, மெதுவாக இருக்கும், நம்முடையது கொஞ்சம் சின்ன இலை, வாசம் தூக்கலாக இருக்கும், பாஸ்தாவுக்குப் பாதி அளவு போட்டால் போதும். விதையை மண் மேல் தூவி, கண்ணுக்குத் தெரியாத அளவு நார்த்தூளால் மூடி, தெளித்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். விதை வழுவழுவென்று ஊதினால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான். அரை அடி வளர்ந்ததும் உச்சியைக் கிள்ளுங்கள், பூக்கதிர் வர வர ஒடித்துவிடுங்கள். பூக்கவிட்டால் இலை சிறுத்துவிடும்.

ரோஸ்மேரி காய்ந்தது தண்ணீர் இல்லாமல் இருக்காது. அது நீலகிரிக் குளிரில் சந்தோஷமாக வளர்கிற செடி, சமவெளியில் வெக்கையும் ஈர மண்ணும் சேர்ந்தால் வேர் அழுகி, மேலே பார்க்கக் காய்ந்த மாதிரி தெரியும், நாமும் காய்கிறதே என்று இன்னும் ஊற்றுவோம். இப்போது தலைமுடிக்கு என்று எல்லோரும் தேடி வாங்குகிறார்கள், நிறையப் பேருக்கு இதே கதைதான். மறுபடி முயல்வதானால் கார்த்திகையில் வாங்குங்கள், மண் தொட்டியில் பாதி ஆற்று மணல் கலந்து வையுங்கள், மண் முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள், மழை படாமல் பாருங்கள். முதல் செடியாக இதை வைக்கச் சொல்ல மாட்டேன்.

கே: டொராண்டோவில் இருக்கிறேன். கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தில் எல்லா இலையையும் கொட்டிவிடுகிறது. அடுத்த முறை ஊரிலிருந்து நல்ல கன்றாக எடுத்து வரலாமா?
— ஒரு வாசகர், கனடா

ப: எடுத்துப் போகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற ஒரு நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி கறிவேப்பிலையில்தான் சுகமாக வாழும், அதனால்தான் பல நாடுகள் இந்தச் செடியைக் கொண்டுவருவதில் கடுமையாக இருக்கின்றன. உங்களிடம் இருப்பது செத்துவிடவில்லை. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போவதற்கு முன்பே உள்ளே கொண்டுவந்து, தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள். அங்கே குளிர்காலச் சூரியன் தெற்கில் தாழ்வாகப் போகும், வேறு திசை ஜன்னல் உதவாது. இலை இல்லாத செடிக்கு உரம் வேண்டாம், தண்ணீரும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாகத்தான். குளிரில் ஈர மண்ணில் வேர் அழுகிச் சாகிற செடிகள்தான் அதிகம். ஹீட்டர் காற்றில் சிலந்திப்பேன் வரும், இலை இருக்கும்போது வாரம் ஒரு தடவை குழாயில் காட்டிக் கழுவுங்கள். மார்ச்சில் துளிர் தெரிந்ததும் உரம் தொடங்கலாம், உறைபனி முடிந்த பிறகு மே கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்குங்கள்.

கே: துளசியிலும் கறிவேப்பிலையிலும் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி. எறும்பும் ஏறுகிறது.
— ஒரு வாசகி, விருதுநகர்

ப: மாவுப்பூச்சி. அது கசியவிடும் இனிப்புக்காக எறும்பு காவல் காக்கிறது, எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. மோசமான கிளைகளை வெட்டி மூடிய பையில் போட்டு எறியுங்கள். மற்றதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சில துளி சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கிச் சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். அடித்து ஐந்து நாள் பறிக்க வேண்டாம், பிறகும் நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். கரப்பானுக்கு அடிக்கிற மருந்தைச் சாப்பிடுகிற செடியில் அடிக்கவே கூடாது, ஒருவர் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்ததால் அழுத்திச் சொல்கிறேன்.

கே: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு ஒரு தொட்டிதான் அம்மா கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் வளர்வது எது?
— ஒரு மாணவி, நாகர்கோவில்

ப: வெந்தயம். அம்மாவிடம் இரண்டு ஸ்பூன் வாங்கி ராத்திரி ஊறவை. காலையில் மண்ணை நனைத்து, விதையை நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிசாக மண் தூவு. மூன்றாம் நாளே முளை மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும், பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு தடவை எட்டிப் பார், தினமும் வித்தியாசம் தெரியும். காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தெளி. பத்து நாளில் இரண்டு விரற்கடை வளர்ந்ததைக் கத்தரித்துத் தோசை மாவில் போடலாம், இருபத்தைந்து நாள் விட்டால் கூட்டுக்கு ஒரு பிடி கீரை கிடைக்கும்.

வெட்டிய பிறகு வேரைப் பிடுங்கி எறியாதே. வெந்தயம் பயறு வகைச் செடி, வேரில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கிற முடிச்சுகள் இருக்கும், ஒன்றைப் பெயர்த்துக் கழுவிப் பார், குட்டிக் குட்டி உருண்டையாகத் தெரியலாம். மற்ற வேர்களை மண்ணோடு கிளறிவிட்டு, ஒரு வாரம் ஆறப்போட்டு, அதே தொட்டியில் மல்லி தூவு. பூரிக்கட்டை விஷயம் முதல் பதிலில் இருக்கிறது.